பைத்தான் படிக்கும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது பென்சில்

பிளஸ் ஒன்னில் கணினி அறிவியல் எடுத்த பிள்ளை வீட்டில் கேட்கும் முதல் பொருள் லேப்டாப். வாங்க வசதி இருந்தால் வாங்கிக் கொடுங்கள், தவறில்லை. ஆனால் அதற்காக நகையை அடகு வைக்க நினைக்கும் வாப்பாமார்களுக்கும் உம்மாமார்களுக்கும் ஒரு வார்த்தை: புரோகிராமிங்கின் ஆரம்பப் பாடம் காகிதத்தில்தான் இருக்கிறது.

பைத்தான் என்பது கணினிக்கு வேலை சொல்லும் ஒரு மொழி. கீடோ வான் ராசம் என்பவர் உருவாக்கி 1991இல் வெளியிட்டார். மலைப்பாம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடரின் பெயரிலிருந்து வந்தது. காசில்லாமல் கிடைக்கிறது. தமிழ்நாடு அரசு 2019இல் வெளியிட்ட பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்தில் பாதிக்கு மேல் இதுதான். 9ஆம் பாடத்தில் லிஸ்ட் வருகிறது, 13ஆம் பாடத்தில் சிஎஸ்வி கோப்பு. எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்று மதிப்பெண். பல பிள்ளைகள் புரோகிராமை மனப்பாடம் செய்தே இதைத் தாண்டிவிடுகிறார்கள். கல்லூரியில் முதல் செமஸ்டரில் கணக்கைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டதும் திகைத்து நிற்கிறார்கள். பிளஸ் ஒன் பாடத்தில் வரும் பாய்வுப்படத்தை, அதாவது ஃப்ளோசார்ட்டை, 'சும்மா படம்தானே' என்று தள்ளிவிடுவதுதான் இதற்குப் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

பாய்வுப்படம் நமக்குப் புதிதல்ல. 'நாளை படகு கடலுக்குப் போகலாமா?' என்று இந்தக் கரையில் தினமும் முடிவெடுக்கிறோம். அதையே பிள்ளையை வரையச் சொல்லுங்கள். தொடக்கத்துக்கு ஒரு நீள்வட்டம். அடுத்து ஒரு சாய்சதுரம்; கேள்வி வந்தாலே சாய்சதுரம்தான். பாம்பனில் புயல் கூண்டு ஏறியிருக்கிறதா? 'ஆம்' என்றால் அம்புக்குறி நேராக 'போக வேண்டாம்' என்ற கட்டத்துக்குப் போகும். 'இல்லை' என்றால் அடுத்த கேள்வி: விசைப்படகா, நாட்டுப்படகா? விசைப்படகு என்றால், தேதி ஏப்ரல் 15க்கும் ஜூன் 14க்கும் இடையில், அதாவது 61 நாள் தடைக்காலத்தில் இருக்கிறதா? இல்லையென்றால், நாளை விசைப்படகு போகும் முறை நாளா? டோக்கன் கிடைத்ததா?

இங்கே கேள்விகளின் வரிசைதான் பாடம். புயல் கேள்வி எல்லாப் படகுக்கும் பொது, அதனால் முதலில் வருகிறது. அதை விசைப்படகு செல்லும் பாதையில் மட்டும் வைத்துவிட்டால், நாட்டுப்படகுக்காரர் கூண்டைப் பார்க்காமலே கடலுக்குப் போய்விடுவார். கணினி புத்திசாலி அல்ல, நாம் கேட்கச் சொன்னதை மட்டும்தான் கேட்கும். ஒவ்வொரு சாய்சதுரமும் பைத்தானில் 'இஃப்' என்று தொடங்கும் ஒரு வரியாக மாறும். கணினியே தெரியாத உம்மாவும் இந்தப் படத்தில் விரல் வைத்துப் பிழை கண்டுபிடிக்கலாம். நமக்கு அது பெரிய வசதி.

அடுத்தது லிஸ்ட். ஒரே பெயருக்குக் கீழே பல விவரங்களை வரிசையாக வைப்பது. ஐந்து நாள் பிடித்த நண்டின் எடையைக் கிலோவில் எழுதுவோம்: 42, 35, 0, 58, 27. மூன்றாம் நாள் வலையில் ஒன்றுமில்லை. இந்த வரிசைக்கு 'எடை' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம். இப்போதைய பைத்தான் ஏற்றுக்கொள்ளும். கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கிலம். அவையும் தமிழில் வேண்டும் என்று முத்து அண்ணாமலை 'எழில்' என்ற மொழியையே உருவாக்கினார், அதுவும் பைத்தானைக் கொண்டுதான்.

லிஸ்டில் எண்ணிக்கை 0இலிருந்து தொடங்கும். முதல் நாளின் 42 இருப்பது 0ஆம் இடத்தில். நாலாம் நாளின் 58 இருப்பது 3ஆம் இடத்தில். ஐந்தாம் நாள்தானே என்று 5ஆம் இடத்தைக் கேட்டால் அப்படி ஒரு இடம் இல்லை என்று பிழை காட்டும். எல்லாப் பிள்ளைகளும் இதில் ஒருமுறையாவது தடுக்கி விழுவார்கள், திட்ட வேண்டாம்.

கூட்டினால் 162. ஐந்தால் வகுத்தால் சராசரி 32.4 கிலோ. வெறுங்கையோடு வந்த நாளை விட்டுவிட்டு நாலால் வகுத்தால் 40.5. எது சரி? டீசல் அந்த நாளும் எரிந்ததே! வீட்டுச் செலவுக்குக் கணக்குப் பார்ப்பவர் 32.4ஐத்தான் எடுக்க வேண்டும். நல்ல நாளில் எவ்வளவு கிடைக்கும் என்று பார்ப்பவருக்கு 40.5. இதைப் பைத்தான் சொல்லாது, படகுக்காரர் வீட்டுப் பிள்ளை சொல்லும்.

லிஸ்டில் வைத்தது புரோகிராம் முடிந்ததும் போய்விடும். நாளைக்கும் வேண்டுமென்றால் கோப்பில் எழுத வேண்டும். கடையில் கடன் நோட்டு வைத்திருப்பது போலத்தான். கோப்பைத் திறக்கும்போது எதற்குத் திறக்கிறோம் என்று ஓர் எழுத்தால் சொல்ல வேண்டும். 'ஆர்' என்றால் படிக்க. 'ஏ' என்றால் பழைய கணக்குக்குக் கீழே சேர்த்து எழுத. 'டபிள்யூ' என்றால் பழையதை முழுக்க அழித்துவிட்டுப் புதிதாக எழுத. ஒரு வருடக் கணக்கு இந்த ஓர் எழுத்தில் போய்விடும், எச்சரிக்கை கூட வராது.

இன்னொரு கண்ணியும் உண்டு. கோப்பிலிருந்து படிக்கும் எண் எழுத்தாகத்தான் வரும். 42ஐயும் 35ஐயும் அப்படியே கூட்டினால் 77 வராது, 4235 என்று ஒட்டிக்கொண்டு வரும். 'இன்ட்' என்ற கட்டளையால் எண்ணாக மாற்றிய பிறகே கூட்ட வேண்டும். தமிழில் பெயர்கள் எழுதும் கோப்பைத் திறக்கும்போது 'யுடிஎஃப் 8' என்று குறிப்பிட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் சில கணினிகளில் தமிழ் எழுத்துகள் சிதைந்து வரும்.

இவ்வளவையும் நோட்டில் எழுதிப் பார்க்க முடியும். ஓட்டிப் பார்க்கும் நேரம் வரும்போது பள்ளிக்கூட லேப் இருக்கிறது. வீட்டில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால் 'பைட்ராய்ட் 3' என்ற செயலி போதும். கணினி கிடைத்தால் 'தானி' என்ற இலவச மென்பொருள் ஆரம்பப் பிள்ளைகளுக்கு ஏற்றது. புரோகிராம் வரி வரியாக ஓடுவதை அதில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். நண்டுக் கணக்கு கைவந்த பிறகு, தேதி, எடை, விலை மூன்றையும் காற்புள்ளியிட்டு ஒரே வரியில் எழுதச் சொல்லுங்கள். அதுதான் 13ஆம் பாடத்தில் வரும் சிஎஸ்வி. ஒரு மாதம் தினமும் ஒரு வரி சேர்ந்தால், வாப்பா கேட்கும் மாதக் கணக்கை இன்ஷா அல்லாஹ் பிள்ளையே எடுத்துக் கொடுக்கும்.