உறங்கவைக்கும் ஓசை

நள்ளிரவில் திடீரென மின்சாரம் நின்றுவிடுகிறது. சிறிது நேரத்திற்குள் வீட்டிலுள்ளோர் ஒருவர்பின் ஒருவராய் விழித்துக்கொள்கின்றனர். வியர்வை அரும்புவதற்கு இன்னும் நேரமிருக்கிறது. அறையின் வெப்பமும் உயர்ந்துவிடவில்லை. அவ்வாறாயின் அவர்களை எழுப்பியது எது? அதுவரை தலைக்குமேல் இடைவிடாது ஒலித்துக்கொண்டிருந்த மின்விசிறியின் இரைச்சல் அடங்கிப்போனதே! ஓசை கேட்டால் உறக்கம் கலையும் என்பது யாவரும் அறிந்தது. ஓசை நின்றாலும் உறக்கம் கலையும் என்பதை இவ்வனுபவம் உணர்த்துகிறது. மார்கழிக் குளிரிலும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மின்விசிறியைச் சுழலவிட்டு உறங்குவோர் நம்மிடையே எத்தனை பேர்! காற்று வேண்டாத அந்நாளிலும் அவர்களுக்கு அந்த ஓசை வேண்டியிருக்கிறது.

இந்த உண்மையை அடிப்படையாகக் கொண்டு உருவானதே 'ஒயிட் நாய்ஸ் மெஷின்' எனப்படும் வெள்ளை இரைச்சல் கருவி. மேலைநாடுகளில் பல்லாண்டுகளாய் வழக்கிலிருக்கும் இக்கருவி இன்று நம் இல்லங்களிலும் புகுந்துள்ளது. தனிக் கருவி வாங்காதோர் கைப்பேசியிலேயே மழையோசையையும் அருவியோசையையும் ஒலிக்கவிட்டு உறங்குகின்றனர். பச்சிளங் குழந்தையின் தொட்டிலருகிலும் இது இடம்பிடித்துவிட்டது. இதனால் விளையும் நன்மை என்ன? தீமை உண்டா? நம் குடும்பங்கள் இதனை எவ்வாறு பயன்படுத்துவது நலம்? சற்றே ஆராய்வோம்.

கருவி பிறந்த கதை

1962-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டில் ஜிம் பக்வால்ட்டர் என்பவர் 'ஸ்லீப்-மேட்' என்னும் கருவியை உருவாக்கினார். பயணத்தின்போது தங்கிய விடுதியில், அறைக் குளிரூட்டியின் சீரான ஓசைக்கும் தம் மனைவியின் உறக்கத்திற்கும் தொடர்பு இருப்பதை அவர் கவனித்தார். அந்த ஓசையை மட்டும் தனியே தரும் ஒரு பெட்டியைச் செய்ய முனைந்தார். சிறிய மோட்டார் ஒன்று. அதனால் சுழலும் விசிறி ஒன்று. துளைகளோடு கூடிய மூடி ஒன்று. இவ்வளவே அக்கருவி. மூடியைத் திருப்பினால் துளைகளின் அளவு மாறும். ஓசையின் தன்மையும் மாறும். மனைவி நன்றாய் உறங்கவேண்டும் என்று ஒரு கணவர் கொண்ட அக்கறையில் பிறந்த பொருள் இது என்பது குடும்ப இதழைப் படிக்கும் நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியன்றோ?

வெள்ளை என்பதன் பொருள்

ஓசைக்கு நிறம் ஏது என்று கேட்கத் தோன்றும். ஏழு வண்ணங்களும் கலந்தால் வெள்ளொளி தோன்றுவதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். அதுபோலவே, செவிக்குக் கேட்கும் தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை அனைத்து அதிர்வெண்களும் சம ஆற்றலுடன் கலந்து ஒலிப்பதே வெள்ளை இரைச்சல். பழைய வானொலிப் பெட்டியில் நிலையம் பிடிபடாதபோது 'உஸ்ஸ்' என்று கேட்குமே, ஏறக்குறைய அதுதான்.

இதற்கு உடன்பிறப்புகளும் உண்டு. உயர்ந்த சுருதிகள் படிப்படியாய்க் குறைக்கப்பெற்று, பெருமழையைப்போல் இதமாய் ஒலிப்பது இளஞ்சிவப்பு இரைச்சல். அதனினும் தாழ்ந்து, தொலைவிலிருந்து கேட்கும் பேரருவிபோல் முழங்குவது பழுப்பு இரைச்சல். இப்பெயர் மட்டும் நிறத்தால் வந்ததன்று. நீரில் மிதக்கும் நுண்துகள்களின் ஓயாத அசைவை 1827-இல் கண்ட ராபர்ட் பிரவுன் என்னும் தாவர அறிஞரின் பெயரால் வந்தது.

இது எவ்வாறு உதவுகிறது?

உறங்கும்போது கண்கள் மூடிக்கொள்கின்றன, செவிகளோ மூடிக்கொள்வதில்லை. மூளை இரவு முழுவதும் காவல் காக்கிறது. ஒரே சீராக ஒலிக்கும் ஓசையை அது விரைவில் பழகிக்கொண்டு பொருட்படுத்தாமல் விட்டுவிடும். திடீர் மாற்றத்தையோ ஆபத்தின் அறிகுறியாகக் கருதி உடலை எழுப்பிவிடும்.

எடுத்துக்காட்டாக, 30 டெசிபெல் அளவே ஓசையுள்ள அமைதியான அறைக்குள், சாலையில் செல்லும் லாரியின் ஒலிப்பான் 60 டெசிபெல் அளவில் வந்து விழுகிறது என்று கொள்வோம். வேறுபாடு 30 டெசிபெல். அதே அறையில் 45 டெசிபெல் அளவில் சீரான இரைச்சல் இருந்தால் வேறுபாடு 15 ஆகக் குறைந்துவிடுகிறது. லாரி அதே லாரிதான். ஆயினும் உறங்குபவரை அது அவ்வளவாய் உலுக்குவதில்லை. பட்டப்பகலில் விண்மீன்கள் நம் கண்ணுக்குப் புலப்படாததுபோல, சிறு ஓசைகள் பேரோசையில் மறைகின்றன.

மருத்துவமனைத் தீவிரச் சிகிச்சைப் பிரிவின் ஓசைகளைப் பதிவுசெய்து, உறங்கும் சிலருக்கு ஒலிக்கச்செய்து பார்த்தனர் அமெரிக்க ஆய்வாளர்கள். 2005-இல் வெளிவந்த அச்சிறு ஆய்வு, விழிப்பைத் தூண்டுவதில் ஓசையின் உச்ச அளவைவிடப் பின்னணிக்கும் உச்சத்துக்கும் இடையிலான வேறுபாடே முதன்மையானது என்று காட்டியது. வெள்ளை இரைச்சல் சேர்ந்தபோது விழிப்புகள் குறைந்தன.

அறிவியல் கூறுவது என்ன?

1990-இல் இலண்டன் மருத்துவமனையொன்றில், பிறந்து சில நாட்களேயான 40 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடைபெற்றது. வெள்ளை இரைச்சலைக் கேட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 80 விழுக்காட்டினர் ஐந்து நிமிடங்களுக்குள் உறங்கினர்; கேளாதவருள் 25 விழுக்காட்டினரே அவ்வாறு உறங்கினர். கருவறையில் தாயின் குருதியோட்ட இரைச்சலைக் கேட்டு வளர்ந்த சிசுவுக்கு இவ்வோசை அந்நியமன்று போலும்! இரைச்சல் மிகுந்த நியூயார்க் நகரவாசிகள் பத்துப் பேரைக் கொண்டு நடத்தி, 2021-இல் வெளியிடப்பெற்ற ஆய்வும் இக்கருவியால் உறக்கம் மேம்பட்டதாகக் கூறுகிறது.

எனினும் நாணயத்திற்கு மறுபக்கமும் உண்டு. அதே 2021-ஆம் ஆண்டில் 38 ஆய்வுகளை ஒருங்கே சீர்தூக்கிப் பார்த்த அறிஞர்கள், இக்கருவி உறக்கத்தை மேம்படுத்தும் என்பதற்கான சான்றுகளின் தரம் மிகவும் குறைவு என்றே முடிவுகட்டினர். எனவே, வெளி ஓசையால் உறக்கம் கெடுவோருக்கு இது ஒரு துணை என்று கொள்ளலாம். எல்லார்க்கும் உரிய மருந்து என்று கொள்வது தவறு.

தொட்டிலருகே எச்சரிக்கை

குழந்தைகளைப் பொறுத்தவரை மிகுந்த விழிப்பு வேண்டும். கனடா நாட்டின் டொராண்டோ நகர மருத்துவர்கள், குழந்தைகளுக்கென விற்கப்படும் 14 கருவிகளைச் சோதித்து 2014-இல் முடிவை வெளியிட்டனர். முழு அளவில் ஒலிக்கவிட்டபோது, 30 சென்டிமீட்டர் தொலைவில் மூன்று கருவிகள் 85 டெசிபெலைத் தாண்டின. ஆலையில் பணிபுரியும் வளர்ந்த தொழிலாளிக்கே எட்டு மணி நேரத்திற்கு 85 டெசிபெல்தான் எல்லை என்று வகுக்கப்பட்டுள்ளது. பிஞ்சுச் செவி அதனைத் தாங்குமா?

2003-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, இடைவிடாத இரைச்சலில் வளர்க்கப்பட்ட எலிக்குஞ்சுகளின் மூளையில், ஒலியைப் பிரித்தறியும் பகுதி முதிர்ச்சியடையக் காலம் தாழ்ந்ததைக் கண்டது. எலிக்கு நேர்ந்தது அப்படியே மனிதக் குழந்தைக்கும் நேரும் என்று கூறிவிட முடியாது. ஆயினும் குழந்தை மொழியைக் கற்பது அன்னையின் குரலைக் கேட்டே என்பதை மறவாதிருப்போம். பாட்டியின் தாலாட்டு உறங்கவைத்ததோடு நின்றுவிடவில்லை; மொழியையும் உறவையும் சேர்த்தே ஊட்டியது. அதன் இடத்தை எந்தக் கருவியும் நிரப்பிவிடாது.

மறைக்கக் கூடாத குரல்கள்

நான் அறிந்த ஓர் இல்லம் நெடுஞ்சாலையோரத்தில் உள்ளது. ஆறு மாதக் குழந்தை ஒன்று; படுத்த படுக்கையாய்ப் பாட்டி ஒருவர். லாரிகளின் ஒலிப்பானால் குழந்தை இரவில் பலமுறை வீரிட்டு அழும். பகலெல்லாம் பாட்டிக்குப் பணிவிடை செய்து களைத்த மருமகளுக்கு இரவிலும் ஓய்வில்லை. வெளிநாட்டு உறவினர் ஒருவர் இக்கருவியை அனுப்பிவைத்தார். தொட்டிலின் விளிம்பில் அதனைக் கட்டி, முழு அளவில் ஒலிக்கவிட்டனர். குழந்தை உறங்கிற்று; அன்னையும் தந்தையும் உறங்கினர். ஒரு வாரம் வீடே நிம்மதியாய் இருந்தது.

ஒருநாள் காலை, பாட்டியின் அறைக்குச் சென்ற மருமகள் படுக்கை நனைந்திருப்பதைக் கண்டார். "இரவு கூப்பிடக் கூடாதா அத்தை?" என்று வருந்திக் கேட்டார். "கூப்பிட்டுப் பார்த்தேனம்மா. நீங்கள் அயர்ந்து உறங்கினீர்கள். பாவம், உறங்கட்டும் என்று விட்டுவிட்டேன்" என்றார் அம்முதியவர். எத்தனை இரவுகள் அவ்வாறு கூப்பிட்டார் என்பதை அவர் சொல்லவேயில்லை. இதனை என்னிடம் கூறும்போது அந்த மருமகளின் கண்கள் கலங்கின.

அவர்கள் கருவியைத் தூக்கி எறிந்துவிடவில்லை. தொட்டிலிலிருந்து அவிழ்த்து, ஓசை நுழையும் சன்னலருகே தள்ளிவைத்தனர். ஓசையைப் பாதிக்குமேல் குறைத்தனர். பாட்டியின் அறைக்கும் தங்கள் அறைக்கும் இடையிலுள்ள கதவைத் திறந்துவைத்தனர். பாட்டியின் கையருகே அழைப்புமணிப் பொத்தான் ஒன்றை வைத்து, மணியைத் தங்கள் தலைமாட்டில் பொருத்தினர். இப்போது பாட்டி அழைத்தால் மணி எழுப்புகிறது. லாரி கடந்தால் எவரும் எழுவதில்லை.

ஆலயத்தில் படுத்திருந்த சிறுவன் சாமுவேல், இரவில் தன்னை அழைத்த குரலுக்கு மும்முறை எழுந்து ஓடினான் என்று விவிலியம் கூறுகிறது. முதியவர் ஏலிதான் அழைக்கிறார் என்று அவன் எண்ணினான். முதியவரின் அழைப்புக்கு எழுந்து ஓடப் பழகியிருந்த அந்தச் செவியே ஆண்டவரின் அழைப்பையும் கேட்டது! நாம் எந்த ஓசையை மறைத்தாலும், நம்மை நம்பியிருப்போரின் குரலை மறைத்துவிடலாகாது.

பிறர் உறக்கமும் நம் பொறுப்பே

நம் உறக்கத்தைப் பற்றிக் கவலைப்படும் நாம், அயலார் உறக்கத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஓசை 45 டெசிபெலுக்கு மிகுதல் கூடாது. அதே ஆண்டில், சென்னையிலிருந்த கிறிஸ்தவ சபையொன்றைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. அயலார் அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கி வைத்து வழிபடுமாறு எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்று அது எடுத்துரைத்தது. அவ்வழக்கு நம் மறைமாவட்டத்தைச் சார்ந்ததன்று என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியுமா? நம் பங்குத் திருவிழாவின் ஒலிபெருக்கி, நோயாளி படுத்திருக்கும் வீட்டை நோக்கித் திரும்பியிருக்கிறதா என்று பார்ப்பதும் பிறரன்புச் செயலே.

கடைப்பிடிக்கத்தக்கவை

கருவியைப் பயன்படுத்த விரும்புவோர் சிலவற்றை நினைவிற்கொள்க. முதலில் ஓசை வரும் வழியை அடைக்க முயலுக. சன்னல் இடுக்கை மூடுவதும் கனத்த திரையிடுவதும் செலவு குறைந்த வழிகள். குழந்தையிடமிருந்து கருவி குறைந்தது 2 மீட்டர் தள்ளியே இருக்கட்டும். அதன் ஓசைக்கு மேலாகக் குரலை உயர்த்திப் பேசவேண்டியிருந்தால் அது மிகையே என்று அறிக. குழந்தை உறங்கியபின் அணைத்துவிடுக. கைப்பேசியில் ஒலிக்கவிடுவோர் அதனைத் தலையணையின் கீழ் வைக்கலாகாது. விளம்பரமோ அழைப்போ குறுக்கிட்டால் உள்ள உறக்கமும் போய்விடும்.

துணைவரின் குறட்டையை மறைக்க இக்கருவியை நாடுவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். குறட்டைக்கு இடையில் மூச்சு நின்று, திணறி, மீண்டும் தொடங்குமாயின் அது நோயின் அறிகுறி. அதனை மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுக. வாரத்தில் மூன்று இரவுகளேனும், மூன்று மாதங்கள் தொடர்ந்து உறக்கமின்றித் தவிப்போரும் மருத்துவரையே நாடவேண்டும். மனப்பழக்கங்களைச் சீர்படுத்தும் சிகிச்சையையே அதற்கு முதல் மருத்துவமாக அமெரிக்க மருத்துவர் கழகம் 2016-இல் பரிந்துரைத்தது.

வெளி ஓசையைக் கருவி மறைக்கும். உள்ளத்தின் ஓசையை எது மறைக்கும்? கடன், மகளின் திருமணம், மகனின் வேலை ஆகிய கவலைகள் எழுப்பும் இரைச்சலுக்கு முன் எந்தக் கருவியும் எம்மாத்திரம்? மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் தம் மேசைமீது உறங்கும் புனித சூசையப்பர் சுரூபம் ஒன்றை வைத்திருந்தார். தீராத சிக்கல் ஏதேனும் எழுந்தால் அதனை ஒரு சிறு தாளில் எழுதி, அச்சுரூபத்தின் கீழ் வைத்துவிடுவதாக 2015-இல் மணிலா நகரில் குடும்பங்களைச் சந்தித்தபோது அவரே கூறினார். உறங்கும்போதே இறைவனின் செய்தியைக் கேட்டு, விழித்தவுடன் திருக்குடும்பத்தைக் காக்கப் புறப்பட்டவர் அல்லரோ சூசையப்பர்!

இன்றிரவு விளக்கை அணைக்குமுன் குடும்பமாய்க் கூடிச் செபிப்போம். கவலைகளை ஆண்டவரின் திருவடியில் இறக்கிவைப்போம். அடுத்த அறையில் படுத்திருக்கும் முதியவரிடம் ஒருமுறை சென்று, "ஏதாவது வேண்டுமா?" என்று கேட்டுவிட்டு வருவோம். அதன்பின் மின்விசிறி சுழலட்டும், கருவி ஒலிக்கட்டும். நல்லுறக்கம் தானே வரும்.