கெக்கரிக்காய்க்கும் கணக்கு எழுத வேண்டுமா?



அரபுப் பாடம் படிப்பிக்கும் மௌலவிக்கு அடுப்படியில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கக்கூடும். கேட்பது நியாயம்தான். ஆனால் இந்தக் கட்டுரைக்குக் காரணம் என் மூத்த ராத்தாவின் கொப்பி. அதைப் பார்த்த பிறகு எழுதாமலிருக்க மனம் வரவில்லை.

ராத்தாவுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. முழங்கால் நோவு, அதோடு சீனி வியாதியும். நிறையைக் குறைக்காவிட்டால் மருந்தைக் கூட்ட வேண்டிவரும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அன்றே அவர் ஒரு தராசு வாங்கினார். பிள்ளைகளின் பழைய கொப்பி ஒன்றை எடுத்து, வாயில் போடுவதையெல்லாம் கலோரிக் கணக்கில் எழுதத் தொடங்கினார். மூன்று வாரம் கழித்து நான் போனபோது அலுத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, கெக்கரிக்காய் நாலு துண்டு திண்டாலும் எழுதோணுமா? எழுதி எழுதி கை நோவுது. நிறை மட்டும் அசையுதில்ல" என்றார்.

கொப்பியை வாங்கிப் பார்த்தேன். கோவா 25, போஞ்சி 31, தக்காளி 18 என்று அழகாக வரிசையாக இருந்தது. கணக்குக் கூடுகிறதே என்று பயந்து, இரண்டாம் வாரத்திலிருந்து மரக்கறியைப் பாதியாகக் குறைத்திருந்தார். பசி தாங்காமல் பின்னேரத்தில் பிஸ்கட் நான்கு. அதையும் நேர்மையாக எழுதியிருந்தார். ஆனால் தேங்காய்ப்பால், எண்ணெய் என்ற இரண்டு சொற்களை அந்தக் கொப்பி முழுவதிலும் காணவில்லை!

சகோதரிகளே, இந்தப் பிழை ராத்தாவின் பிழை மட்டுமல்ல. நம் வீடுகளில் பலரும் விடும் பிழை. ஆகவே ஆறுதலாகப் பார்ப்போம்.

கலோரி என்பது என்ன?

உணவு நம் உடலுக்குத் தரும் சக்தியை அளக்கும் அளவே கலோரி. லத்தீன் மொழியில் சூட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. அரபியில் இதற்கு வழங்கும் பெயரிலும் 'ஹராரத்', அதாவது சூடு என்ற சொல் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் அட்வாட்டர் என்ற விஞ்ஞானி இதை விரிவாக ஆராய்ந்தார். மாச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி என்று இன்றும் நாம் கணக்குப் பார்ப்பது அவர் காட்டிய வழியில்தான். 1918இல் லுலு ஹன்ட் பீட்டர்ஸ் என்ற பெண் வைத்தியர் எழுதிய நூல், நிறை குறைக்க விரும்பும் பெண்களிடையே கலோரி எண்ணும் பழக்கத்தைப் பரப்பியது.

கொழுப்பு மற்ற இரண்டையும் விட இரு மடங்குக்கு மேல் சக்தி தருகிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

எல்லா மரக்கறியும் ஒன்றல்ல

கெக்கரிக்காய் 100 கிராமில் சுமார் 15 கலோரி. தக்காளியில் 18. கோவா, கத்தரிக்காய், பூசணிக்காய் ஆகியவற்றில் 25 அளவில். போஞ்சியில் 31, வெண்டிக்காயில் 33, கரட்டில் 41. இவற்றின் பெரும்பகுதி தண்ணீர். மீதியிலும் ஒரு பங்கு நார்ச்சத்து. அது மற்ற மாச்சத்தைப் போல முழுமையாகச் சமிப்பதில்லை.

இத்தகைய மரக்கறியை ஒரு நாளைக்கு அரைக் கிலோ சாப்பிட்டாலும் 125 முதல் 150 கலோரிதான் வரும். 100 கிராம் சோற்றிலோ சுமார் 130 கலோரி. அதாவது நாள் முழுவதும் சாப்பிடும் மரக்கறிக் கணக்கு, சோற்றில் ஓர் அகப்பை கூடினால் அதற்குள் மறைந்துவிடும். அப்படியிருக்க, நாலு துண்டு கெக்கரிக்காயைத் தராசில் வைப்பதால் என்ன பயன்?

ஆனால் "மரக்கறிதானே!" என்று சொல்லிக்கொண்டு ஒரு கோப்பை நிறைய மரவள்ளிக் கிழங்கு சாப்பிடும் சகோதரிகளும் இருக்கிறார்கள். மரவள்ளி 100 கிராமில் சுமார் 160 கலோரி. அது சோற்றையும் விடக் கூட! ஈரப்பலாக்காயில் சுமார் 100, வற்றாளைக் கிழங்கில் 86, உருளைக்கிழங்கில் 77. பலாக்கொட்டையும் இந்தக் கூட்டம்தான். இவை கெட்ட உணவுகளல்ல. ஆனால் இவற்றின் இடம் கறியின் இடமல்ல, சோற்றின் இடம். சோறும் போட்டு, அதன் மேல் உருளைக்கிழங்குக் கறியும் ஊற்றினால் சோற்றுக்குச் சோறே கறியாகிறது.

இது நான் சொந்தமாகக் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் உணவியல் சங்கமும் சேர்ந்து 1950இல் நீரிழிவு நோயாளருக்காக ஓர் உணவுப் பட்டியலை வெளியிட்டன. அது பின்னர் பல தடவை திருத்தப்பட்டது. அதில் கிழங்கு வகைகள் பாண், சோறு ஆகியவற்றோடு சேர்க்கப்பட்டு, ஒரு பங்குக்கு 80 கலோரி எனக் கொள்ளப்பட்டன. மற்ற மரக்கறிகளுக்கு, சமைத்தது அரைக் கோப்பைக்கு 25 கலோரிதான். உலக சுகாதார நிறுவனமும் நாளொன்றுக்கு 400 கிராம் மரக்கறியும் பழமும் சாப்பிடச் சொல்கிறது. அந்த 400 கிராமில் கிழங்கைச் சேர்க்கவில்லை.

சட்டிக்குள் ஒளிந்திருப்பது

இப்போது ராத்தாவின் போஞ்சிக் கறிக்கு வருவோம். அன்று அவர் சமைத்தது 400 கிராம் போஞ்சி. அதற்குக் கட்டியான தேங்காய்ப்பால் 200 கிராம், தாளிக்க இரண்டு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய். போஞ்சியில் 124 கலோரி. தேங்காய்ப்பால் 100 கிராமில் சுமார் 230 ஆகவே, பாலில் 460. எண்ணெய் மேசைக்கரண்டிக்குச் சுமார் 120 ஆகவே, அதில் 240. மொத்தம் 824. அதில் நாலில் ஒரு பங்கை அவர் சாப்பிட்டார். உள்ளே போனது 206 கலோரி. கொப்பியில் எழுதியது 31!

நான் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியதும் ராத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் காவலிருந்தது வாசல்ல, கள்ளன் வந்தது பின்பக்கத்தால" என்றார்.

கத்தரிக்காயைப் பொரிக்கும்போது அது பஞ்சைப் போல எண்ணெயை உறிஞ்சுவதை நீங்களே கண்டிருப்பீர்கள். இலைச் சுண்டலில் போடும் தேங்காய்ப்பூவும் 100 கிராமில் சுமார் 350 கலோரி கொண்டது. குற்றம் கீரையில் இல்லை, நம் கை அளவில்தான்.

இதை விளக்கும் ஓர் ஆய்வு 2004இல் வெளிவந்தது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் 42 பெண்களுக்குப் பிரதான உணவுக்கு முன் சலாது கொடுத்துப் பார்த்தார்கள். 100 கலோரி மட்டுமே உள்ள பெரிய தட்டுச் சலாதைச் சாப்பிட்ட நாளில், சலாதே சாப்பிடாத நாளை விட, அந்த வேளையின் மொத்தக் கலோரி 12 வீதம் குறைந்தது. அதே அளவு சலாதில் கொழுப்புள்ள குழம்பும் சீஸும் கூடுதலாகச் சேர்த்த நாளிலோ மொத்தம் 17 வீதம் கூடியது. மரக்கறி வயிற்றை நிரப்பிப் பசியை அடக்குகிறது. அதன் மேல் நாம் ஊற்றுவது அந்த நன்மையைப் பறித்துவிடுகிறது.

என்ன செய்யலாம்?

1. கீரை வகைகள், கெக்கரி, தக்காளி, கோவா, போஞ்சி, புடோல், பீர்க்கு, வெண்டி, கத்தரி, பூசணி போன்றவற்றைக் கணக்கில் எழுத வேண்டாம். பீங்கானில் பாதியை இவற்றால் நிரப்புங்கள். இவற்றுக்காக நாளின் மொத்த அளவில் 100 முதல் 150 வரை முன்கூட்டியே ஒதுக்கிவிட்டால் கணக்கும் பிழைக்காது.

2. கிழங்கு, ஈரப்பலா, பலாக்கொட்டை ஆகியவற்றை எழுதுங்கள். அவற்றைச் சமைக்கும் நாளில் அதற்கேற்பச் சோற்றைக் குறையுங்கள். பருப்பு, கடலை ஆகியவையும் எழுத வேண்டியவையே.

3. எண்ணெய், தேங்காய்ப்பால், தேங்காய்ப்பூ ஆகியவற்றைக் கட்டாயம் எழுதுங்கள். போத்தலைச் சரித்து ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள்.

4. கலோரி குறையட்டும் என்று மரக்கறியைக் குறைக்காதீர்கள். பசி வந்தால் பிஸ்கட் பேணிதான் முதலில் திறபடும்.

நீரிழிவுக்கு மருந்தோ ஊசியோ எடுப்பவர்களும், சிறுநீரக நோயுள்ளவர்களும், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் வைத்தியரிடம் கேட்காமல் உணவை மாற்றக் கூடாது. சிறுநீரக நோயாளருக்குச் சில மரக்கறிகளே ஆகாமல் போகலாம்.

ராத்தா இப்போது கொப்பியில் நாளுக்கு ஐந்தாறு வரிதான் எழுதுகிறார். முதல் வரி எண்ணெய், இரண்டாவது தேங்காய். நாலு மாதத்தில் நாலு கிலோ குறைந்திருக்கிறது. பெரிய தொகை அல்லத்தான். ஆனால் மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைத் தேடுவதில்லை என்கிறார். பீங்கானில் போஞ்சியும் கோவாவும் பழையபடி நிறைந்திருக்கின்றன.

சகோதரிகளே, இன்றிரவு கறிக்குத் தாளிக்கும்போது ஒரே ஒரு தடவை எண்ணெயைக் கரண்டியால் அளந்து பாருங்கள். எத்தனை கரண்டி என்று எண்ணிப் பார்த்தால், உங்கள் கொப்பியில் எழுதப்படாமல் போனது எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அல்லாஹ் நம் எல்லோருக்கும் உடல் நலத்தைத் தருவானாக!