தோல்வியின் விளிம்பில் கிடைத்த வெற்றி

புதுதில்லி: 2024 டிசம்பரில் டி. குகேஷ் உலக செஸ் சாம்பியனானபோது, ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு அவரைத் தெலுங்குப் பையன் என்று வாழ்த்த, தமிழகமும் உரிமை கொண்டாடியது. உரிமை கொண்டாடத்தக்க குணம் எது என்பது 2025 ஜூன் 1-ம் தேதி நார்வேயின் ஸ்டாவஞ்சர் நகரில் தெரிந்தது.

அன்று மாக்னஸ் கார்ல்சனிடம் குகேஷின் ஆட்டம் ஏறக்குறைய முடிந்திருந்தது. ஆயினும் தோல்வியை ஒப்புக்கொள்ளாமல், ஒவ்வொரு நகர்த்தலிலும் கார்ல்சனை யோசிக்க வைத்தார். 40-வது நகர்த்தலுக்குப் பின் ஒவ்வொன்றுக்கும் கூடுதலாகக் கிடைப்பது 10 விநாடி மட்டுமே. நேர நெருக்கடியில், 52-வது நகர்த்தலில் கார்ல்சனின் குதிரை தவறான கட்டத்துக்குப் பாய்ந்தது. ஆட்டம் தலைகீழானது. தோற்ற கார்ல்சன் மேஜையைக் குத்தினார்.

கிளாசிக்கல் ஆட்டத்தில் அவரை முதன்முறையாக வென்ற 19 வயது குகேஷ், அதனை அதிர்ஷ்டம் என்றே கூறினார். ஆனால், பாதியில் கைவிட்டிருந்தால் அந்த அதிர்ஷ்டமும் வந்திருக்காது.