தொகையைக் கூட்டி மலைக்காதீர்கள், கடன்களை எண்ணுங்கள்

திருச்சி தென்னூர்ச் சந்துகளில் வாரத்தில் ஒரு நாள் காலையில் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் பத்துப் பெண்கள் கூடி உட்கார்ந்திருப்பார்கள். குழு லோன் மீட்டிங். கையில் அட்டையும் பணமும் இருக்கும். ஒருவர் டியூ கொண்டுவரவில்லை என்றால் மற்றவர்களும் கிளம்ப முடியாது. ஆளுக்கு ஐம்பது, நூறு போட்டுக் கட்டிவிட்டுப் போவார்கள். கட்ட முடியாதவருக்கு அன்று சோறு இறங்காது. நாலு தெரு தள்ளித் தில்லைநகர் அலுவலகம் ஒன்றில், கிரெடிட் கார்டு பாக்கிக்கு வரும் அழைப்புக்குப் பயந்து செல்போனைக் கவிழ்த்து வைத்திருக்கும் இளைஞரின் நிலையும் அதுவேதான்.

கடன் என்றதும் வட்டி, தவணை, சிக்கனம் என்று பேசுகிறோம். அதை அடைத்து முடிக்கும் ஒன்றிரண்டு வருடங்கள் மனதையும் உடம்பையும் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. அந்தத் தெம்பு இருந்தால்தான் தவணை ஒழுங்காகப் போகும்.

கடன் யோசிக்கும் திறனைக் குறைக்கும்

கடன் வாங்கியவர் அவசரத்தில் தப்பான முடிவெடுத்தால் "புத்தி இல்லை" என்று சொல்லிவிடுகிறோம். புத்தி எங்கே போகிறது என்பதை நம் ஊர் விவசாயிகளை வைத்தே ஆராய்ந்திருக்கிறார்கள். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் கரும்பு பயிரிடும் 464 விவசாயிகளிடம் நடந்த இந்த ஆய்வு 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் அதை எழுதினார்கள்.

கரும்புக்காரருக்கு வருமானம் வருடத்தில் ஒரு தடவைதான். வெட்டுவதற்கு முந்தைய மாதங்களில் நகை அடகுக் கடையில் இருக்கும். வெட்டிப் பணம் வந்தபின் கை தாராளமாகும். இந்த இரண்டு காலத்திலும் அதே ஆட்களுக்கு அறிவுத்திறன் சோதனைகள் வைத்தார்கள். வெட்டுக்கு முன்பு செய்ததைவிட வெட்டுக்குப் பின்பு அதே மனிதர்கள் நன்றாகச் செய்தார்கள். ஆலை ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதம் வெட்டு உத்தரவு கொடுப்பதால், இது பருவம் மாறியதால் வந்த வித்தியாசம் என்றும் தள்ளிவிட முடியாது.

பணக்கவலை மனதில் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மீதி இடத்தில்தான் பிள்ளையின் படிப்பு, வேலை, மாத்திரை நேரம் எல்லாம் நெருக்கியடித்து நிற்கின்றன. கடனில் இருப்பவர் கேஸ் அடுப்பை அணைக்க மறப்பதும் சின்ன விஷயத்துக்குச் சீறுவதும் இதனால்தான். உங்களை நீங்களே திட்டிக்கொள்வதை முதலில் நிறுத்துங்கள்.

எத்தனை கடன் என்பதுதான் முதல் கேள்வி

இன்னொரு ஆய்வு சிங்கப்பூரில் நடந்தது, 2019-இல் வெளியானது. அங்கே ஒரு தொண்டு அமைப்பு, நெடுநாள் கடனில் இருந்த ஏழைக் குடும்பங்களின் பாக்கியில் ஒரு பகுதியைத் தானே கட்டியது. அப்படி உதவி பெற்ற 196 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பதற்றம் குறைந்ததா, யோசனை தெளிந்ததா என்பதைப் பெருமளவு தீர்மானித்தது, எத்தனை டாலர் கழிந்தது என்பதைவிட எத்தனை கடன் கணக்கு முழுதாக மூடியது என்பதுதான். ஏறக்குறைய ஒரே தொகை கழிந்தவர்களிலும், அதிகக் கணக்கு மூடியவருக்கே மனம் அதிகம் லேசானது.

ஒவ்வொரு கடனுக்கும் ஒரு தேதி, வாசலில் வந்து நிற்கும் ஓர் ஆள், சொல்ல வேண்டிய ஒரு சமாதானம் இருக்கிறது. ஐந்து கடன் இருந்தால் ஐந்து தேதியைச் சுமக்க வேண்டும். எனவே அடைக்கத் தொடங்கும்போது மொத்தத் தொகையைப் பார்த்து மலைக்க வேண்டாம். கடன்களை எண்ணி, முதலில் அந்த எண்ணிக்கையைக் குறையுங்கள்.

ஒரு வீட்டுக் கணக்கு

தென்னூரில் ஆட்டோ ஓட்டும் ஒருவர், வீட்டில் தையல் மிஷின் போட்டிருக்கும் மனைவி என்று ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். கடன் ஐந்து:

- தண்டல்: பாக்கி 4,000 ரூபாய், தினம் 100
- பக்கத்து வீட்டுக் கைமாற்று: 5,000
- செல்போன் தவணை: பாக்கி 6,000, மாதம் 1,500
- குழு லோன்: வாரம் 850, இன்னும் 41 வாரம்
- வங்கி நகைக்கடன்: 60,000

மொத்தம் ஏறத்தாழ 1,10,000 ரூபாய். கேட்டாலே தலை சுற்றும். இவர்கள் செய்ய வேண்டியது, முதலில் 40 நாள் தண்டலை விடாமல் கட்டி முடிப்பது. அது முடிந்த மறுநாளிலிருந்தும் அதே 100 ரூபாயைத் தினம் எடுத்து உண்டியலில் போடுவது. 50 நாளில் 5,000 சேரும், கைமாற்று தீரும். நாலாவது மாதம் செல்போன் தவணையும் முடியும். நாலு மாதத்தில் குழு லோன் தவிர கழிந்தது 15,000 ரூபாய்தான். ஆனால் ஐந்து கடன் இரண்டாகிவிட்டது. பிறகு தினம் 100 ரூபாயும் மாதம் 1,500 ரூபாயும் நகைக்கடனுக்குப் போகலாம். குழு லோன் முடிந்ததும் அந்த 850-உம் சேர்ந்துகொள்ளும். புதுக் கடன் வாங்காமல், வருடம் முடியும்போது வங்கியில் வட்டி கட்டிப் புதுப்பித்துக்கொண்டால், ஆண்டுக்கு 9 சதவீத வட்டியில் ஏறத்தாழ 15 மாதத்தில் நகை கழுத்துக்கு வந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சின்னக் கடனை முதலில் முடிப்பது மனதுக்கு நல்லது. ஆனால் வட்டி கொடியதாக இருந்தால் அதுதான் முதலில் போக வேண்டும். தண்டலையே பாருங்கள். 10,000 ரூபாய்க்கு 1,500 பிடித்துக்கொண்டு 8,500 தருவார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், வட்டி ஆண்டுக்கு 100 சதவீதத்தைத் தாண்டும். கந்து வட்டி, மீட்டர் வட்டி இதைவிட மோசம். இப்படிப்பட்ட கடன் இருக்கும்போது, வங்கியில் குறைந்த வட்டிக்கு நகை வைத்து அதை அடைப்பது புத்திசாலித்தனம். அடைத்தபின் மறுபடியும் தண்டல்காரரிடம் போகக் கூடாது.

உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை

கடன் கவலை பெரும்பாலும் உடம்பு வழியாகத்தான் வெளியே வரும். ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்து மறுபடி தூக்கம் பிடிக்காது. நெஞ்சு படபடக்கும், வயிறு எரியும், பிடரி இறுகும். வாசலில் வண்டி நின்றாலே தூக்கிப்போடும். சிலர் சாப்பாட்டைக் குறைப்பார்கள். சிலர் டாஸ்மாக் பக்கம் திரும்புவார்கள். குடி அன்று தூக்கம் வருவதுபோல் காட்டினாலும், பின்னிரவில் தூக்கத்தைக் கெடுக்கும்; தினம் ஒரு தவணைக்கான காசையும் தின்னும்.

பலரும் செய்யும் பெரிய ஆபத்து, டியூ கட்டுவதற்காகப் பிரஷர், சர்க்கரை மாத்திரையை நிறுத்துவது. இதில் மிச்சமாகும் சில நூறு ரூபாய், பக்கவாதமோ மாரடைப்போ வந்தால் லட்சத்தில் புதுக் கடனாக நிற்கும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்த மாத்திரைகள் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து தருகிறார்கள். புத்தூர் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை தென்னூரிலிருந்து நடந்து போகும் தூரம்தான்.

மாலையில் அரை மணி நேர நடைக்குக் காசு வேண்டாம். உய்யக்கொண்டான் வாய்க்கால் கரை இருக்கிறது. ஸ்ரீரங்கம் பக்கம் இருப்பவர்களுக்கு உத்திர வீதியும் சித்திரை வீதியும் இருக்கின்றன. நடக்கும்போது செல்போனை வீட்டில் வைத்துவிடுங்கள். கடன் கணக்குப் பார்ப்பதற்கும் வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம் என்று ஒதுக்குங்கள். மற்ற நேரத்தில் அந்தக் கவலை தலையெடுத்தால், "அதை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுங்கள். சில வாரத்தில் பழகிவிடும்.

வீட்டில் சொல்லிவிடுங்கள்

மனைவிக்குத் தெரியாமல் கணவர் ஆப்பில் கடன் வாங்குகிறார். கணவருக்குத் தெரியாமல் மனைவி இரண்டாவது குழுவில் சேர்கிறார். தெரிந்தால் சண்டை வரும் என்ற பயம். கடைசியில் கடன்காரர் வாசலில் நின்று உரக்கக் கேட்கும்போது விஷயம் தெரிகிறது. அந்தச் சண்டை இன்னும் பெரிதாகிறது.

சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. பிள்ளைகள் தூங்கியபின், ஒரு தாளில் யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதி என்று எழுதிவைத்து, "இவ்வளவுதான், வேறு மறைவாக எதுவும் இல்லை" என்று முழுவதையும் ஒரே தடவையில் சொல்லுங்கள். பாதியைச் சொல்லிப் பாதியை ஒளித்தால், மீதி வெளிவரும்போது நம்பிக்கையும் சேர்ந்து போய்விடும். கேட்பவரும் "அப்பவே சொன்னேனே" என்பதை அன்றைக்கு மட்டுமாவது விழுங்கிக்கொள்ளட்டும். விவரம் தெரிந்த பிள்ளைகளிடம் "இந்த வருஷம் கொஞ்சம் கை இறுக்கம், தீபாவளிக்கு ஒரு டிரஸ்தான்" என்று சொன்னால் போதும். அவர்கள் புரிந்துகொள்வார்கள்.

மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம்

பணம் பாக்கி இருப்பது குற்றம் இல்லை. அதற்காக அவமானப்படுத்துவதுதான் குற்றம். ரிசர்வ் வங்கி விதிப்படி, வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அனுப்பும் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ போன் செய்யக் கூடாது. குழு லோனுக்கு அந்த நேரம் காலை 9 முதல் மாலை 6 வரைதான். திட்டுவதும், சொந்தக்காரர்களைத் தொல்லை செய்வதும் தடை செய்யப்பட்டவை. கடன் ஆப் உங்கள் செல்போனில் உள்ள எண்களையும் படங்களையும் எடுக்கவே அனுமதி இல்லை.

முதலில் அந்த வங்கியிடமோ நிறுவனத்திடமோ எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரத்துக்கு 14448. ஆப் ஆட்கள் படத்தை மாற்றி அனுப்பி மிரட்டினால் 1930. தமிழ்நாட்டில் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் கொடுமைக்கு எதிராக 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மூன்றாண்டு வரை சிறை உண்டு. மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. இலவச சட்ட உதவிக்கு 15100-ஐ அழைக்கலாம். திருச்சி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவையும் அணுகலாம்.

கட்ட முடியாத மாதம் வருகிறது என்று தெரிந்தால், தேதிக்கு முன்பே நீங்களே வங்கிக்குப் போய்த் தவணையை மாற்றித் தரக் கேளுங்கள். ஒளிந்துகொள்பவரைவிட முன்வந்து பேசுபவருக்குக் கிடைக்கும் அவகாசம் அதிகம்.

ஊக்கம் தளரும் மாதங்கள்

முதல் இரண்டு மாதம் வேகம் இருக்கும். ஜூனில் பள்ளிக் கட்டணம், ஆடித் தள்ளுபடி, ஐப்பசியில் தீபாவளி என்று வரும்போது தடுமாறும். என்.எஸ்.பி. ரோட்டில் கூட்டத்தைப் பார்த்தால் நமக்கும் வாங்கத் தோன்றும். இந்தச் செலவுகள் எல்லாம் தேதி தெரிந்தவை. மாதம் 300 ரூபாயாவது தனியாக எடுத்து வைத்தால் அதற்கென்று மறுபடி கடன் வாங்க வேண்டியதில்லை.

ஒரு தவணை தவறிவிட்டால் "எல்லாம் போச்சு" என்று கைவிடாதீர்கள். அடுத்த தவணையைச் சரியாகக் கட்டுங்கள். ஒவ்வொரு கடன் முடியும்போதும் கடன் தீர்ந்ததற்கான சான்றிதழையும் கொடுத்த பத்திரம், செக் போன்றவற்றையும் கேட்டு வாங்குங்கள். தாளில் அந்த வரியைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, வீட்டில் அன்றைக்கு ஒரு பாயசம் வையுங்கள். செலவு அதிகமில்லை; குடும்பம் முழுவதும் அந்த வெற்றியைத் தெரிந்துகொள்ளும்.

எப்போது உதவி தேட வேண்டும்

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், வேலைக்குப் போகவே மனம் வராமல் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சிகிச்சை உண்டு. புத்தூர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள்.

"நான் இல்லாமல் போனால் குடும்பம் நிம்மதியாக இருக்கும்" என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். மனநல உதவி எண்ணான 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம். தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை. 104-ஐயும் அழைக்கலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவின் எண் 044-24640050. வீட்டில் யாராவது அப்படிப் பேசினால் சும்மா சொல்கிறார் என்று விட்டுவிடாமல் அருகில் இருங்கள். தனியாக விடாமல் மருத்துவரிடம் அழைத்துப்போங்கள்.

வட்டியைப் பேசிக் குறைக்கலாம், தவணையை நீட்டலாம், சட்டத்தின் துணையையும் கேட்கலாம். கடனுக்கு இத்தனை வழி இருக்கிறது. போன உயிருக்கு ஒரு வழியும் இல்லை. இன்று ராத்திரியே ஒரு தாளை எடுத்து உங்கள் கடன்களை எண்ணி எழுதுங்கள். நாளைக் காலை வீட்டில் ஒருவரிடமாவது அதைக் காட்டுங்கள்.