கிற்றார் பழகும் விரல்கள்

லாச்சப்பலில் கடைக்கு வந்துபோகும் எம்மவருக்குப் பக்கத்தில் உள்ள லரிபுவாசியேர் வைத்தியசாலையைத் தெரிந்திருக்கும். 1928ஆம் ஆண்டு, பதினெட்டு வயது ஜாங்கோ ரைன்ஹார்ட் தீக்காயங்களுடன் அங்கேதான் கொண்டுவரப்பட்டார். அவர் குடியிருந்த வண்டிவீடு தீப்பற்றி எரிந்திருந்தது. காலை வெட்டவேண்டும் என்றார்கள், அவர் சம்மதிக்கவில்லை. கால் தப்பியது. ஆனால் இடக்கையின் மோதிரவிரலும் சின்னவிரலும் சுருங்கிப்போயின. மிஞ்சிய இரண்டு விரல்களை முதன்மையாக வைத்துப் புதிதாகப் பழகி, 1934இல் வயலின் கலைஞர் ஸ்டெபான் கிரப்பெல்லியுடன் சேர்ந்து தொடங்கிய குழுவினால் உலகப் புகழ் பெற்றார்.

எங்கள் பிள்ளைகளுக்கு நான்கு விரலும் சுகமாக இருக்கின்றன. இருந்தும் ஒரு கோர்டில் இருந்து (பிரெஞ்சில் அக்கோர்) அடுத்ததற்கு மாறும்போது சத்தம் அடைக்கிறது, கை வலிக்கிறது என்கிறார்கள். "இன்னும் அழுத்திப் பிடி" என்று நாம் சொல்வதுதான் பல வீடுகளில் நடப்பது. அது வலியைத்தான் கூட்டும்.

விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அவற்றின் தசைநாண்கள் மணிக்கட்டில் உள்ள ஒடுங்கிய வழியால் விரலுக்கு வருகின்றன. மணிக்கட்டை அதிகம் வளைத்துக்கொண்டு இறுக்கிப் பிடித்தால் அங்கே உராய்வும் நெருக்கமும் கூடும். ஆகவே மணிக்கட்டு இயன்றவரை நேராக இருக்கட்டும். பெருவிரல் கிற்றாரின் கழுத்தை நெரிக்கத் தேவையில்லை.

இதைச் செய்துபாருங்கள். உலோகக் கட்டைக்குச் சற்றுப் பின்னால், அதை ஒட்டினாற்போல் விரலை வைத்து, கம்பியை மெல்லத் தொட்டபடி மீட்டுங்கள். சத்தம் தெளியும்வரை கொஞ்சங்கொஞ்சமாக அழுத்துங்கள். எவ்வளவு குறைந்த பலம் போதும் என்பது பிள்ளைக்கே வியப்பாக இருக்கும். கட்டையில் இருந்து விலகி அழுத்தினால் கூடுதல் பலம் வேண்டும், சத்தமும் கரகரக்கும்.

கோர்ட் மாற்றும்போது எல்லா விரல்களையும் தூக்கி எறிவது இன்னொரு பழக்கம். டோ மேஜரில் இருந்து லா மினோருக்கு (சி, ஏ மைனர்) வழக்கமான பிடியில் மாறுவதற்கு மோதிரவிரல் மட்டும் நகர்ந்தால் போதும். சுட்டுவிரலும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்கும். மி மேஜரில் இருந்து லா மினோருக்கு மூன்று விரலும் அதே வடிவத்தில் ஒரு கம்பி தள்ளினால் சரி. எந்த விரல் தங்குகிறது என்று முதலில் பார்த்து, மீட்டாமல் இடக்கையால் மட்டும் மெதுவாக மாறிப் பழகவேண்டும். சுத்தமாக வந்தபின் வேகம்.

ஒரே மூச்சில் ஒரு மணித்தியாலம் இருத்துவதைவிட, பத்துப் பதினைந்து நிமிடமாகப் பிரித்து இடையில் கையை உதறி ஓய்வு கொடுப்பது நல்லது. மாரிகாலத்தில் வெளியே இருந்து வந்த கையுடன் தொடங்காமல், இளஞ்சூட்டு நீரில் கழுவியபின் எடுக்கட்டும். சின்னக் கைக்கு முக்கால் அல்லது அரை அளவுக் கிற்றாரும் நைலோன் கம்பியும் பொருந்தும். கம்பிகள் மிக உயரத்தில் நின்றால் கடையில் கொடுத்துத் தாழ்த்தலாம்.

ஆரம்பத்தில் விரல்நுனி நோவதும் பிறகு காய்ப்பதும் வழமை. மணிக்கட்டிலோ முன்கையிலோ வலித்தால் அன்றைக்கு நிறுத்தவேண்டும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்தால், அதுவும் இரவில் விறைத்து எழுப்பினால், குடும்ப வைத்தியரிடம் போங்கள். பகலெல்லாம் உணவக அடுப்படியில் வெட்டிக் கழுவிவிட்டு இரவில் கிற்றார் எடுக்கும் பெரியவர்கள் இதைத் தள்ளிப்போடக்கூடாது. எந்தக் கை, எத்தனை மணித்தியாலம் வாசிக்கிறீர்கள், என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் வைத்தியருக்குச் சொல்லுங்கள்.