முள் நடுவில் நின்றால் போதுமா?

மாதக் கடைசியில் கணக்குப் பார்க்க உட்காரும்போது சம்பளமும் மின்சாரக் கட்டணமும் ஓரளவு தெரிந்த தொகைகள். வாகனச் செலவு அப்படியல்ல. ஒரே நாளில் அது ஒரு வருட இலாபத்தை விழுங்கிவிடும். 2019 இல் எனக்கு அதுதான் நடந்தது.

மாவனல்லையில் எனக்கு ஹார்ட்வெயார் கடை. டைல்ஸ், பெயின்ட், குழாய் சாமான்களைப் பேராதனை, கம்பளைப் பக்கம் கொண்டுபோய்ப் போடுவதற்கு 2009 ஆம் ஆண்டுத் தயாரிப்பான பெட்ரோல் வேன் ஒன்று வைத்திருக்கிறேன். ஒரு நாள் டைல்ஸ் ஏற்றிய வேன் கடுகண்ணாவ ஏற்றத்தில் ஆவி கக்கி நின்றுவிட்டது. கராஜில் கழற்றிப் பார்த்தால் ஹெட் வளைந்து, கேஸ்கட் போய், என்ஜினே மாற்ற வேண்டிய நிலை.

பதினொரு வருடங்கள் என்னிடம் வேலை செய்த சாரதியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஹாஜியார், முள்ளு நடுவுலதான் நிண்டிச்சி. திடீரெண்டு மேல பாஞ்சிச்சி. ஓரம் கட்டுறதுக்குள்ள ஆவி வந்திட்டு" என்றார். நான் நம்பவில்லை. தொலைபேசியில் பேசிக்கொண்டு முள்ளைப் பார்க்காமல் விட்டிருப்பார் என்று முடிவு கட்டினேன். செலவில் ஒரு பகுதியை அவர் சம்பளத்தில் மாதாமாதம் கழித்தேன். மூன்றாவது மாதம் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வருடம் மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 இல்தான் மீண்டும் கதவு திறந்தது. இடையில் கொவிட் முடக்கம், பிறகு 2022 இன் எரிபொருள் வரிசை. ரீகண்டிஷன் என்ஜின் போட்ட அந்த வேன் மலை ஏறியதே குறைவு. 2023 இல் வியாபாரம் கொஞ்சம் தலை தூக்கியபோதுதான் மறுபடி பாரம் ஏற்றத் தொடங்கினோம்.

அந்த நேரத்தில் என் மருமகன் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைக் கொண்டுவந்து தந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே, சாரதியின் முழங்கால் பக்கம், 16 பின் கொண்ட ஒரு சொக்கட் இருக்கும். அதில் இதைச் செருக வேண்டும். புளூடூத் வழியாக என்ஜின் கணினியில் உள்ள விபரங்கள் நமது கைத்தொலைபேசியில் ஓடும்.

இந்தச் சொக்கட் ஏன் வந்தது?

ஓபிடி 2 என்று அழைக்கப்படும் இந்த முறை வாகனப் புகையைக் கட்டுப்படுத்துவதற்காக வந்தது. அமெரிக்காவில் 1996 ஆம் ஆண்டு மாடல் முதல் விற்கப்படும் கார்களுக்கு இது கட்டாயமாக்கப்பட்டது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 இலும் டீசல் கார்களுக்கு 2004 இலும் வந்தது. ஜப்பானும் தன் முறையைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு கம்பனிக்கும் ஒவ்வொரு சொக்கட், ஒவ்வொரு கருவி. இப்போது சில ஆயிரம் ரூபாய்க் கருவி ஒன்றே பல வாகனங்களோடு பேசும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்யப்பட்ட சில பழைய வாகனங்களில் இதே சொக்கட் இருக்கும். ஆனால் பொதுவான கருவிக்கு அவை பதில் சொல்லாது. வாங்கும் முன் உங்கள் வாகனத்திலேயே செருகிப் பாருங்கள்.

கடுகண்ணாவயில் கண்டது

ஒரு நாள் பாரம் ஏற்றிய வேனில் புதிய சாரதிக்குப் பக்கத்தில் நானே ஏறி உட்கார்ந்தேன். தொலைபேசி என் கையில். மாவனல்லை டவுனில் தண்ணீரின் வெப்பம் 88 பாகை செல்சியஸ். ஹிங்குலையில் 91. ஏற்றம் தொடங்கியது. 96, 101, 104. நான் டாஷ்போர்டைப் பார்த்தேன். முள் நடுவில் அசையாமல் நின்றது.

106 வந்ததும் ஓரம் கட்டச் சொன்னேன். பாரத்தை இழுக்காமல் என்ஜினைச் சும்மா ஓடவிட்டோம். சில நிமிடங்களில் 93 க்கு இறங்கியது. முள் அப்போதும் அதே இடம்தான்.

பிறகு கராஜில் விசாரித்தேன். பல வாகனங்களில் அந்த முள் உண்மையான வெப்பத்தை அப்படியே காட்டுவதில்லையாம். சிறிய ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் ஆட்கள் பயப்படக்கூடாது என்பதற்காக, ஒரு பெரிய எல்லைக்குள் முள் நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள். எல்லையைத் தாண்டியதும் ஒரேயடியாக மேலே பாயும். அன்று அந்த மனிதர் சொன்னது ஒவ்வொரு சொல்லும் உண்மை.

ரேடியேட்டரைக் கழற்றினார்கள். உள்ளே குழாய்களில் பாதி துருவும் உப்பும் படிந்து அடைபட்டிருந்தன. சமதரையில் பிரச்சினை தெரியாது. பாரத்தோடு மெதுவாக ஏறும்போதுதான் தெரியும். 2019 இல் என்ஜினை மாற்றியபோது செலவைக் குறைக்க அதே ரேடியேட்டரை விடச் சொன்னவன் நான். கூலண்டுக்கு எதற்குக் காசு, கிணற்றுத் தண்ணீர் போதாதா என்று வருடக்கணக்காகச் சொல்லி வந்தவனும் நான்தான்.

எதைப் பார்க்க வேண்டும்?

கருவி நூறு விடயங்களைக் காட்டும். நம்மைப் போன்றவர்களுக்கு நான்கு போதும்.

முதலாவது, தண்ணீரின் வெப்பம். உங்கள் வாகனத்தின் வழமையான அளவை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பல வாகனங்களில் அது 85 க்கும் 95 க்கும் இடையில் இருக்கும். 105 ஐத் தாண்டினால் சத்தமிடும்படி செயலியில் எச்சரிக்கை வைக்கலாம். ஆனால் தண்ணீர் முற்றாகக் கசிந்துபோனால் சென்சர் காற்றில் நின்று தவறான அளவைக் காட்டக்கூடும். ஆகவே காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது தண்ணீர் மட்டத்தைப் பார்க்கும் பழக்கத்தை விடாதீர்கள்.

இரண்டாவது, வோல்ட் அளவு. ஓடும்போது பொதுவாக 13.5 க்கும் 14.7 க்கும் இடையில் இருக்கும். பழைய வாகனங்களில் எந்நேரமும் 13 க்குக் கீழே என்றால் ஆல்டனேட்டரைச் சோதியுங்கள்.

மூன்றாவது, எரிபொருள் திருத்தம். கணினி தானாக எரிபொருளை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதை இது சதவீதத்தில் சொல்லும். கூட்டல் கழித்தல் 10 க்குள் இருந்தால் கவலையில்லை. நீண்டகாலத் திருத்தம் கூட்டல் 20 என்று நின்றால் எங்கோ காற்று கசிகிறது அல்லது எரிபொருள் போதாமல் வருகிறது என்று சந்தேகிக்கலாம்.

நான்காவது, பிழைக் குறியீடுகள். பி0301 என்றால் முதலாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள். எந்தச் சாமானை மாற்ற வேண்டும் என்று அது சொல்லாது. பிளக்கா, கொயிலா, வேறு எதுவா என்று பாஸ்தான் தேடிப் பார்க்க வேண்டும். குறியீட்டை அழிப்பதால் நோய் மாறிவிடாது.

பாவித்த வாகனம் வாங்குவோருக்கு இன்னொன்று. குறியீடுகள் அழிக்கப்பட்ட பின் எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்பதைப் பல வாகனங்கள் காட்டும். அது வெறும் 12 என்றால், நீங்கள் வருவதற்குச் சற்று முன் யாரோ அழித்திருக்கலாம். பெட்டரி கழற்றியிருந்தாலும் சில வாகனங்களில் அப்படிக் காட்டும். எப்படியானாலும் கேள்வி கேளுங்கள்.

கவனிக்க வேண்டியவை

கனடாவின் எல்ம் எலெக்ட்ரோனிக்ஸ் உருவாக்கிய ஈஎல்எம்327 என்ற சிப்பின் பெயரில்தான் மலிவான கருவிகள் விற்கப்படுகின்றன. பெரும்பாலானவை போலிகள், அந்தக் கம்பனியும் 2022 இல் மூடப்பட்டது. ஆகவே திருப்பிக் கொடுக்கக்கூடிய கடையில் வாங்குங்கள். ஐபோன் வைத்திருப்போர் தமக்குப் பொருந்தும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். நாட்கணக்கில் நிறுத்தும் வாகனத்தில் கருவியைக் கழற்றி விடுங்கள், பெட்டரி இறங்கும். முக்கியமாக, ஓட்டுபவர் திரையைப் பார்க்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும், அல்லது எச்சரிக்கைச் சத்தம் போதும்.

ரேடியேட்டர் மாற்றிய கிழமையே அந்தப் பழைய சாரதியைத் தேடிப் போனேன். இப்போது சொந்தமாக ஆட்டோ ஓட்டுகிறார். நடந்ததைச் சொல்லி, கழித்த பணத்தை எண்ணிக் கையில் கொடுத்து, மன்னிக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "இப்ப ரேடியேட்டருக்கு என்ன ஊத்துறீங்க ஹாஜியார்?"

"கூலண்ட்" என்றேன். தலையை ஆட்டிவிட்டு, உள்ளே தேநீர் போடச் சொன்னார்.

வியாபாரச் சகோதரர்களே, வாகனம் பழுதானால் முதலில் சாரதியின் மீது கை நீட்டுவது நம்மில் பலருக்கும் பழக்கம். சில ஆயிரம் ரூபாய்க் கருவி ஒன்று அந்தக் கையை என் பக்கமே திருப்பியது. அடுத்த முறை சம்பளத்தில் கழிக்கும் முன், வேனில் ஒரு தடவை நீங்களே ஏறிப் போய்ப் பாருங்கள்.