மலையேறும்போது தெரியும் குறை

திருத்தணி முருகனைத் தரிசிக்கச் செல்வோர் 365 படிகள் ஏறியும் செல்லலாம். முதியோரை அழைத்துச் செல்வோர் மலைப்பாதையில் காரிலும் செல்லலாம். சில மாதங்களுக்கு முன்பு குடும்பத்தினருடன் அந்தப் பாதையில் ஏறியபோது, சென்னையிலிருந்து எவ்விதக் குறையுமின்றி வந்த எங்கள் கார் திடீரெனக் குலுங்கத் தொடங்கியது. ஆக்ஸிலேட்டரை அழுத்தியும் வேகம் கூடவில்லை. ஸ்டீயரிங்குக்கு முன்னால் உள்ள என்ஜின் வடிவ மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மின்னியது. வண்டியைத் திருப்பி மெல்ல இறங்கினோம். இறக்கத்தில் குலுக்கல் நின்றுவிட்டது.

எனக்கு வியப்பைவிட எரிச்சலே மிகுந்தது. ஏனெனில், இதே குலுக்கலுக்காக இரண்டு வாரங்களுக்கு முன்புதான் ஒரு பணிமனையில் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்றி, இன்ஜெக்டர்களையும் சுத்தம் செய்து, கணிசமான தொகையைக் கட்டியிருந்தேன். பழுது என்ன என்று நானும் கேட்கவில்லை; அவர்களும் சொல்லவில்லை.

மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்று சொல்லும் இந்தப் பழுது எளிய ஒன்றுதான். பெட்ரோல் என்ஜினின் ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்றும் பெட்ரோலும் உரிய அளவில் கலந்து, அழுத்தப்பட்டு, உரிய நொடியில் தீப்பொறி பட்டு எரிய வேண்டும். நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழலும் நான்கு சிலிண்டர் என்ஜினில் இது நொடிக்கு 100 முறை நிகழ்கிறது. கலவை, அழுத்தம், தீப்பொறி ஆகிய மூன்றில் ஒன்று தவறினாலும் அந்த முறை எரிதல் நிகழாது, வண்டி குலுங்கும்.

சமதளத்தில் ஒளிந்திருந்த குறை மலையில் வெளிப்பட்டதற்கும் காரணம் உண்டு. ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் அதிகக் காற்று புகுந்து அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் பிளக்கின் இடைவெளியைத் தாண்டித் தீப்பொறி பாய, கூடுதல் மின்னழுத்தம் தேவை. பேட்டரியின் 12 வோல்ட்டை இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேலாக உயர்த்தித் தரும் இக்னிஷன் காயில் நலிந்திருந்தால், சமதளத்தில் சமாளித்துவிடும், ஏற்றத்தில் தோற்றுவிடும்.

மலையடிவாரத்தில், தமிழும் தெலுங்கும் கலந்து பேசிய முதிய மெக்கானிக் ஒருவர் எங்கள் காரைப் பார்த்தார். அவர் உடனே எதையும் கழற்றவில்லை. எப்போது குலுங்கியது, விளக்கு நிலையாக எரிந்ததா, மின்னியதா என்று கேட்டார். பிறகு கையடக்க ஸ்கேனரைப் பொருத்தினார். 'பி 0303' என்று வந்தது. கடைசி எண் சிலிண்டரைக் குறிக்கும். அதாவது, மூன்றாவது சிலிண்டரில் எரிதல் தவறுகிறது. ஏன் தவறுகிறது என்பதை ஸ்கேனர் சொல்லாது. அதை மனிதர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

என்ஜின் சூடு ஆறிய பிறகு, மூன்றாவது சிலிண்டரின் காயிலை இரண்டாவதற்கும், இரண்டாவதன் காயிலை மூன்றாவதற்கும் மாற்றிப் பொருத்தினார். பழைய பதிவை அழித்துவிட்டு, குலுக்கல் தெரியும்வரை மட்டும் மலைப்பாதையில் ஏறித் திரும்பினார். இப்போது 'பி 0302' என்று வந்தது. காயிலுடன் பழுதும் இடம்பெயர்ந்துவிட்டது. ஆகவே காயில்தான் குற்றவாளி. பெயராமல் இருந்திருந்தால் பிளக், பிறகு இன்ஜெக்டர், இறுதியில் சிலிண்டரின் அழுத்தம் என்று வரிசையாகச் சோதித்திருப்பார்.

அவர் அத்துடன் நிற்கவில்லை. மூன்றாவது பிளக் அமர்ந்திருக்கும் குழியில் எண்ணெய் தேங்கியிருந்ததைக் காட்டினார். டேப்பட் கவர் பேக்கிங் கசிந்து, அந்த எண்ணெய் காயிலின் ரப்பர் உறையைக் கெடுத்திருந்தது. பேக்கிங்கை மாற்றாமல் காயிலை மட்டும் மாற்றினால், சில மாதங்களில் புதிய காயிலும் கெடும் என்றார். ஒரு காயில், ஒரு பேக்கிங். பணிமனையில் நான் முன்பு கட்டியதில் ஒரு பகுதிகூட ஆகவில்லை.

விளக்கு நிலையாக எரிந்தால் விரைவில் சோதிக்க வேண்டும் என்று பொருள். மின்னினால், வண்டியை ஓரங்கட்டி நிறுத்த வேண்டும். எரியாத பெட்ரோல் புகைப்போக்கியில் உள்ள வினையூக்கி மாற்றிக்குச் சென்று அங்கே எரிகிறது. அந்த வெப்பத்தில், பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசப்பட்ட அதன் பீங்கான் தேனடை உருகிவிடக்கூடும். அதன் விலை ஒரு காயிலின் விலையைப்போலப் பல மடங்கு. ஓடும் என்ஜினில் இணைப்பைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தையும் கைவிட வேண்டும். அது உயிருக்கும் ஆபத்து, காயிலுக்கும் கேடு.

இது ஒரு குடும்பத்தின் செலவுக் கணக்கு மட்டுமன்று. மிஸ்ஸிங் உள்ள வண்டி எரியாத எரிபொருளைக் காற்றில் கலக்கிறது. நமது மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றுக்கான பரிசோதனையோ நின்ற நிலையில், என்ஜினுக்குச் சுமையில்லாமல் நடைபெறுகிறது. ஏற்றத்தில் மட்டும் தலைகாட்டும் குறை அதில் தப்பிவிடலாம். அதைப் பிடிக்கக்கூடியது காருக்குள்ளேயே இருக்கும் கண்காணிப்பு அமைப்புதான். அது தரும் எச்சரிக்கையைப் பொருட்படுத்துவதும் புறக்கணிப்பதும் நம் கையில் உள்ளது.

மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் 'பழுதுபார்க்கும் உரிமை' குறித்துக் குழு அமைத்தபோது, அதில் இடம்பெற்ற துறைகளுள் வாகனத் துறையும் ஒன்று. உதிரிபாகங்களும் தொழில்நுட்பத் தகவல்களும் சிறு மெக்கானிக்குகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அது முழுமை பெற இன்னொன்றும் தேவை: தன் வண்டிக்கு என்ன நோய் என்று அறியும் உரிமை. ஸ்கேனரில் வந்த எண், செய்த சோதனை, அதன் முடிவு ஆகிய மூன்றையும் ரசீதில் எழுதித் தருவதைப் பணிமனைகளுக்குக் கட்டாயமாக்க வேண்டும்.

அதுவரை நாம் கேட்கலாம். எந்த சிலிண்டர்? எந்தச் சோதனையில் தெரிந்தது? பாகம் ஏன் கெட்டது? கழற்றிய பழைய பாகம் எங்கே? பணிமனையில் அன்று இந்தக் கேள்விகளை நான் கேட்டிருந்தால், மலைப்பாதையில் பாதி வழியில் திரும்பியிருக்க நேர்ந்திராது.